நூறிலிருந்து ஏழு ஏழாக

தூலார்க்
9 ஏப்ரல் 1994

அன்புள்ள நோரீனுக்கு,

உன் இடுப்பு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் கையெழுத்திலேயே பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. ஊன்றுகோலை மூலையில் சாத்திவிட்டு நடக்கிறேன் பேர்வழி என்று கிளம்பாதே. நீ கிளம்பக்கூடியவள், அதனால் சொல்கிறேன்.

இங்கே புருஷன் பெண்டாட்டி இருவரும் சுகம். மழைதான் இல்லை. நேற்று அடித்த புழுதியில், காய்ந்த துணியை எல்லாம் மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று. மெர்வுக்குக் கால் புண் ஆறி வருகிறது. மறதி கொஞ்சம் உண்டு. எழுபத்தெட்டு வயதில் யாருக்கு இல்லை? வாரம் ஒருமுறை கட்டுப் போட வரும் நர்ஸ் என்ன கண்டாளோ, முதியோர் மதிப்பீட்டுக் குழுவுக்கு எங்கள் பெயரை எழுதிப் போட்டுவிட்டாள். 28ஆம் தேதி அவர்களில் ஒரு அம்மாள் பெரிய ஊரிலிருந்து வந்து எங்களைப் பார்ப்பாளாம். வீட்டுக்கு உதவி ஆள் வேண்டுமா, அவரை எங்காவது சேர்க்க வேண்டுமா என்று அவள்தான் முடிவு சொல்வாள். மெர்வ் கேட்டுவிட்டு, "என்னை ஆட்டுச் சந்தையில ஏலம் விடப் போறாங்களா? வாயைத் தொறந்து பல்லைப் பாப்பாங்களா?" என்கிறார்.

ஃபோன் செய்யாதே. மணி அடித்தால் அவருக்கு எரிச்சல் வருகிறது. கடிதமே போடு. அவர் குறட்டை தாங்காமல் இப்போது நான் தையல் அறையில் படுக்கிறேன். வேறு விசேஷம் இல்லை.

உன் அக்கா,
வால்மா

❖

லான்செஸ்டன்
18 ஏப்ரல்

அன்புள்ள அக்கா,

நான் நலம். வராந்தாவின் கோடி வரை போய்த் திரும்புகிறேன், ஊன்றுகோலோடுதான், கவலைப்படாதே. இந்தத் தீவில் மழை விட்டபாடில்லை. பாதியை உனக்கு அனுப்ப வழியிருந்தால் அனுப்புவேன்.

குறட்டை என்று எழுதியிருக்கிறாய். உன் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வருஷம் உங்கள் வீட்டில் இருந்தவள் நான். சுவர் அட்டைபோல இருக்கும். மெர்வ் ஒருநாள்கூடக் குறட்டை விட்டு நான் கேட்டதில்லை. என்ன நடக்கிறது அங்கே?

வருகிற அம்மாளிடம் ஒளிக்காமல் சொல். வீட்டைத் துடைத்துப் பளபளவென்று வைக்காதே. சிங்க்கில் பாத்திரம் கிடந்தால் கிடக்கட்டும். நீ ஸ்கோன் பலகாரம் சுட்டு, நல்ல கோப்பைகளை எடுத்து வைப்பாய் என்று எனக்குத் தெரியும். விருந்துக்கு வரவில்லை அக்கா அவள். டாக்டர் ஃபின்லேசனுக்கு விஷயம் தெரியுமா? முப்பது வருஷமாக உங்களைப் பார்க்கிறவர், அவரும் ஒரு வார்த்தை எழுதித் தரலாமே.

உடம்பைப் பார்த்துக்கொள். பதிலுக்குக் காத்திருப்பேன்.

நோரீன்

❖

தூலார்க்
30 ஏப்ரல்

அன்புள்ள நோரீன்,

கோபிக்காதே. ஸ்கோன் சுட்டேன். ஆப்ரிகாட் ஜாமும் வைத்தேன். ஒருத்தி நூற்றைம்பது கிலோமீட்டர் காரோட்டி வருகிறாள், வெறும் டீயைக் கொடுத்து அனுப்ப முடியுமா?

ராஸ்லின் என்று பெயர். நல்ல பெண், நாற்பது வயது இருக்கும். கேள்வி கேட்பதும் எழுதுவதுமாகவே இருந்தாள். மெர்வ் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டாள். "ரிட்டயர் ஆனவனுக்குத் தேதி எதுக்கும்மா? அதுக்குத்தானே பொண்டாட்டி இருக்கா, அவளைக் கேளு" என்றார். பிரதமர் யார் என்றாள். "ஸ்கோன் திங்கிற வாயால அந்தாள் பேரைச் சொல்லச் சொல்றியா?" என்றார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே போகச் சொன்னாள். "ஆட்டையே நான் முன்னாலேருந்துதான் எண்ணுவேன். பின்னாலேருந்து எண்ணினா ஒண்ணு ரெண்டு காணாமப் போயிடும்" என்றார். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு என்னைப் பார்த்து, "நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்றாள். மெர்வ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "குறை ஒண்ணும் இல்ல" என்றேன். வேறென்ன சொல்வது, அவர் எதிரில்? இப்போதைக்கு எதுவும் தேவையில்லை, குடும்ப டாக்டர் கவனித்துக்கொள்வார், ஒரு வருஷம் கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கார் போன பிறகு துவைக்கிற அறையில் மாட்டிக்கொண்டேன். தாழ்ப்பாள் விழுந்துவிட்டது. நேரமாகிவிட்டது, அவ்வளவுதான். கை விரல் கொஞ்சம் நசுங்கியிருக்கிறது, கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

வால்மா

❖

லான்செஸ்டன்
8 மே

அக்கா,

நலம் விசாரிக்க எனக்குப் பொறுமையில்லை. நேராகக் கேட்கிறேன்.

அந்தத் துவைக்கிற அறைத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கிறது. பாம்பு வருகிறது என்று மெர்வே பொருத்தியது, நான்தான் ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்தேன். உள்ளே இருப்பவள் மேல் அது தானாக விழாது. அவர் உன்னை வைத்துப் பூட்டினாரா? எவ்வளவு நேரம்? உன் விரல் எப்படி நசுங்கியது?

போன டிசம்பரில் நான் அங்கு வந்தபோது, சாயங்காலம் ஆனதும் அவர் உன்னை ஒரு மாதிரி பார்த்தார். "இந்தப் பொம்பளை யாரு?" என்று என்னைக் கேட்டார். வழக்கமான வேடிக்கை என்று நாம் இருவரும் சிரித்தோம். அது வேடிக்கை இல்லை என்று இப்போது தோன்றுகிறது. முயல் சுடுகிற துப்பாக்கி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறதா? அவர் கைக்கு எட்டாமல் எடுத்து வை. இன்றைக்கே டாக்டரிடம் போ. வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

உடனே எழுது. ஒரு வரி போதும்.

நோரீன்

❖

தூலார்க்
17 மே

அன்புள்ள நோரீன் பெண்ணே,

மெர்வ் எழுதுகிறேன். திடுக்கிடாதே, எனக்கும் எழுதப் படிக்கத் தெரியும். உன் இடுப்பு எப்படி? புது இடுப்போடு நடன மேடைக்குப் போனால் எனக்கு முதல் ஆட்டம் வைத்திரு.

வால்மாவுக்கு நீ போட்ட கடிதத்தை நான்தான் பிரித்தேன். காரணம் இருக்கிறது. இந்த வீட்டில் ஒருத்தி புகுந்திருக்கிறாள். வால்மாவின் ஏப்ரனைக் கட்டிக்கொள்கிறாள், அவள் செருப்பைப் போட்டுக்கொள்கிறாள், அவளுக்கு வருகிற தபாலைப் படிக்கிறாள். பகலில் நல்லவள்போல டீ போட்டுத் தருகிறாள். வெயில் இறங்கினால் அவள் முகம் மாறிவிடுகிறது. வால்மாவை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டால் அழுகிறாள். ஒருநாள் பூட்டி வைத்துப் பார்த்தேன், அப்போதும் சொல்லவில்லை.

நீ கவலைப்படாதே. துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டேன். வால்மாவைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்.

தேதி சரியா என்று பார்க்காதே. ரிட்டயர் ஆனவனுக்குத் தேதி எதற்கு? அதற்குத்தான் பொண்டாட்டி.

உன் மெர்வ்

❖

லான்செஸ்டன்
21 மே

மதிப்புக்குரிய டாக்டர் ஃபின்லேசன் அவர்களுக்கு,

நான் வால்மாவின் தங்கை. என் அக்கா கணவர் எழுதிய கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தயவுசெய்து முதலில் அதைப் படித்துவிட்டு இதைப் படியுங்கள்.

கடிதம் நேற்று வந்தது. உடனே உங்கள் கிளினிக்குக்கு ஃபோன் செய்தேன். நீங்கள் திங்கள்தான் வருவீர்கள் என்றார்கள். அக்கா வீட்டுக்குச் செய்தேன். மெர்வ் எடுத்து, "அப்படி யாரும் இங்க இல்ல" என்று வைத்துவிட்டார். அவர்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் டெஸ்ஸைக் கூப்பிட்டு, போய்ப் பார்க்கச் சொன்னேன். அக்கா வாசலிலேயே நின்று, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஒரு ஜாம் புட்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். மெர்வ் அவளுக்குப் பின்னால் நின்றாராம், சிரித்த முகமாக. போலீஸைக் கூப்பிடலாம். ஆனால் வண்டி வந்து நின்றால் அவர் என்ன செய்வாரோ என்று பயந்து கூப்பிடவில்லை.

போன மாதம் மதிப்பீட்டுக் குழுவின் பெண் வந்துவிட்டு, டாக்டர் கவனித்துக்கொள்வார் என்று சொல்லிப் போயிருக்கிறாள். நீங்கள் கவனித்தீர்களா? குற்றம் சொல்வதாக நினைக்க வேண்டாம். எனக்கு இருப்பது ஒரே அக்கா.

தங்கள் உதவியை எதிர்பார்க்கும்,
நோரீன் ஆக்லண்ட்

❖

தூலார்க் கிளினிக்
26 மே

அன்புள்ள திருமதி ஆக்லண்ட்,

என்னிடம் வைத்தியம் பார்ப்பவர்களைப் பற்றி உங்களுக்கு எழுத எனக்கு உரிமை இல்லை. நீங்கள் எழுதியதைப் படிக்க உரிமை உண்டு. நேற்று படித்தேன். பிறகு ராஸ்லினுக்கு ஃபோன் செய்து, ஏப்ரல் மாதத் தாள்கள் முழுவதையும் ஃபேக்ஸ் செய்யச் சொன்னேன். மூன்று வாரத்துக்கு முன்பே எனக்கு ஒரு பக்கச் சுருக்கம் வந்திருந்தது. "நடவடிக்கை தேவையில்லை" என்று மேலே இருந்ததால் நான் கீழே படிக்கவில்லை. அதை உங்களிடம் சொல்லிவிட எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நாளை வெள்ளிக்கிழமை காலை நானும் அவளும் சேர்ந்து ஒரு காரியம் செய்யப்போகிறோம். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது அது முடிந்திருக்கும். அதுவரை அந்த வீட்டுக்கு ஃபோன் செய்ய வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

உண்மையுள்ள,
ஹியூ ஃபின்லேசன்

❖

லான்செஸ்டன்
30 மே

அக்கா,

டாக்டர் கடிதம் இன்று காலையில் வந்தது. முடிந்திருக்கும் என்று எழுதியிருக்கிறார். என்ன முடிந்தது? உன் வீட்டு மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. டெஸ் வீட்டிலும் அப்படித்தான். கிளினிக்கில் அந்தப் பெண், "நாங்க எதுவும் சொல்லக் கூடாதுங்க, மேடம்" என்கிறாள், ஆனால் குரலைத் தாழ்த்திச் சொல்கிறாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

யார் படித்தாலும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். மெர்வ், நீங்கள் இதைப் பிரித்தால், அந்த ஏப்ரன் கட்டியவள்தான் வால்மா. வேறு வால்மா இல்லை. அவளை ஒன்றும் செய்யாதீர்கள்.

நோரீன்

❖

டெஸ் வீடு, தூலார்க்
3 ஜூன்

அன்புள்ள நோரீன்,

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதை எழுதிவிடுகிறேன். ஃபோனில் உன் குரலைக் கேட்டால் உடைந்துபோவேன் என்றுதான் பேசாமல் இருந்தேன். மன்னித்துக்கொள்.

வியாழக்கிழமை டெஸ் வந்து, நரி சுட வேண்டும், துப்பாக்கியைக் கொடுங்கள் என்று மெர்விடம் கேட்டான். டாக்டர் சொல்லி அனுப்பியது என்று எனக்கு அப்போது தெரியாது. இரவல் கேட்டு மெர்வ் இல்லையென்று சொன்னதே கிடையாது. அன்றைக்கு, "தர முடியாதுப்பா, வீட்டுக்குள்ள ஆள் பூந்திருக்கு" என்று என்னைக் கண்ணால் காட்டினார். டெஸ்ஸின் முகம் வெளுத்துவிட்டது.

மறுநாள் காலை அவனே திரும்பி வந்து, ரத்த அழுத்தம் பார்க்க டாக்டர் கூப்பிடுகிறார் என்று மெர்வைக் காரில் கூட்டிப் போனான். பகலில் மெர்வ் தங்கமானவர், தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கார் வளைவு திரும்பிய ஐந்தாவது நிமிஷம் ராஸ்லின் வந்தாள். நான் கெட்டிலை எடுத்தேன். "இன்னைக்கு டீ வேணாங்க. உக்காருங்க" என்றாள். நம் வீட்டுக்கு வந்தவள் என்னை உட்காரச் சொல்கிறாள்!

இரண்டு தாளை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று அவள் எழுதியது. மெர்வ் சொன்ன பதில்களை அப்படியே எழுதி வைத்திருந்தாள். இன்னொன்று டாக்டர் மெர்வுக்கு வைத்திருக்கும் கார்டின் நகல். ஆட்டைப் பின்னாலிருந்து எண்ணுவது, ஸ்கோன் திங்கிற வாய், பொண்டாட்டியைக் கேளு, எல்லாம் அதிலும் இருக்கிறது, நோரீன். போன ஜூலையில் ஒரு தடவை, நவம்பரில் ஒரு தடவை, பிப்ரவரியில் ஒரு தடவை. ஒரு வார்த்தைகூட மாறவில்லை. கிளினிக்கில் ஏது ஸ்கோன்? பக்கத்தில் டாக்டர், "நகைச்சுவை குறையவில்லை" என்று எழுதியிருக்கிறார்.

ராஸ்லின் சொன்னாள்: "டாக்டரும் சிரிச்சுட்டாரு, நானும் சிரிச்சுட்டேன். தேதியை ரெண்டு பேருமே கேட்டு வாங்கல. சிரிச்சதுக்கே மார்க் போட்டுட்டோம். நான் டாக்டர் பாத்துப்பார்னு எழுதினேன், அவரு நாங்க பாத்தாச்சுன்னு விட்டுட்டாரு. நடுவுல நீங்க இருந்தீங்க. இப்பச் சொல்லுங்க, சாயங்காலம் என்ன நடக்குது?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு ஆறு மணி நேரம் பூட்டியிருந்தார். கதவைப் பிடித்துக்கொண்டிருந்த என் விரல் மேலேயே சாத்தினார். மேசைக்கு அந்தப் பக்கம் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, "வால்மாவை என்னடி செஞ்சே?" என்று கேட்பார். நான்தான் வால்மா என்று சொன்னால் கோபம் வரும். அதனால், வந்துவிடுவாள், கடைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிச் சொல்லி, விளக்கு ஏற்றியபடி உட்கார்ந்திருப்பேன். எனக்கு என் புருஷனைக் கண்டு பயம், நோரீன். நாற்பத்தாறு வருஷம் குடித்தனம் செய்த மனிதரைக் கண்டு பயம். அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? ஊரே அவர் பேச்சுக்குச் சிரிக்கிறது.

ராஸ்லின் கிளினிக்குக்கு ஃபோன் செய்தாள். அங்கே டாக்டர் ஒன்றேகால் மணி நேரமாக மெர்வைக் கோதுமை விலை பேசவைத்து உட்கார்த்தி வைத்திருந்தாராம். அப்படியே பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். துப்பாக்கியைப் போலீஸ்காரர் வந்து எடுத்துப் போனார்.

"சாயங்காலம் வந்துடறேன்" என்று கையாட்டிவிட்டுத்தான் காலையில் மெர்வ் டெஸ்ஸின் காரில் ஏறினார். நானும் கையாட்டினேன்.

வால்மா

❖

லான்செஸ்டன்
10 ஜூன்

என் அக்கா,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு அரை நாள் அழுதேன். நீ ஒன்றும் தப்பு செய்யவில்லை. கையாட்டியது தப்பில்லை. மெர்வும் தப்பு செய்யவில்லை, அது வியாதி. என் இடுப்பைப் பார்க்கும் டாக்டர் அனுமதி கொடுத்ததும் கப்பலேறி வருகிறேன். மெர்வைப் போய்ப் பார்த்தாயா? எப்படி இருக்கிறார்?

நோரீன்

❖

லான்செஸ்டன்
4 ஜூலை

அக்கா,

மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. டெஸ்ஸிடம் கேட்டால், தன் வீட்டில்தான் இருக்கிறாய், சாப்பிடுகிறாய் என்கிறான். என்னோடு பேச மட்டும் மாட்டேன் என்கிறாய். அவரைப் பார்க்கப் போகவில்லை என்றும் சொன்னான். போக முடியாவிட்டால் போக வேண்டாம். உன்னை யாரும் கேட்க முடியாது. ஒரு வரி எழுது.

நோரீன்

❖

தூலார்க்
17 ஜூலை

அன்புள்ள நோரீன்,

நலம். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை சரியாக இருக்கிறது. நல்ல மழை பெய்து வயல் எல்லாம் பச்சையாகிவிட்டது. இன்னும் டெஸ் வீட்டில்தான் இருக்கிறேன். பகலில் போய்க் கோழிக்குத் தீனி போட்டுவிட்டு, வெயில் இறங்குவதற்குள் திரும்பிவிடுவேன். வீட்டில் யாரும் இல்லை என்று தெரிந்தும் இறங்கு வெயிலைக் கண்டால் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

நேற்று அவரைப் பார்க்கப் போனேன். ஏழு வாரம் கழித்து. ராஸ்லின்தான் கூட்டிப் போனாள், டாக்டர் நேரம் குறித்துக் கொடுத்தார். இப்போதெல்லாம் இரண்டு பேரும் என்னைப் பற்றித் தினமும் ஃபோனில் பேசிக்கொள்கிறார்கள் போலிருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றியிருக்கும் முதியோர் இல்லத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து விட்டிருந்தார்கள். இளைத்துவிட்டார். கிட்டே போக எனக்குத் தைரியம் வரவில்லை. நாற்காலியைக் கதவோரம் போட்டுக்கொண்டேன். நான் யார் என்று சொல்லவில்லை, சொன்னால் என்ன ஆகுமோ என்று பயம். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார்.

"தூலார்க் பக்கமாம்மா நீங்க?" என்றார்.

ஆமாம் என்றேன்.

அவர் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கொரு உதவி பண்ணுங்க. என் பொண்டாட்டி அங்க இருக்கா, வால்மான்னு பேரு. அவளைப் பாத்தா அந்த வீட்டுப் பக்கம் போக வேணாம்னு சொல்லுங்க. உள்ள ஒரு ஆள் இருக்கான். துப்பாக்கி வெச்சிருக்கான். நான் எவ்வளவோ தடுத்துப் பாத்தேன், என் பேச்சைக் கேக்கவே மாட்டேங்கறான்."

அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது, நோரீன். இத்தனை மாதமும் நான் ஒருத்திதான் பயந்துகொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேன்.

நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நடுங்கிய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "அவ வெளியில வந்துட்டா. பத்திரமா இருக்கா" என்று சொன்னேன். "நிஜமாவா?" என்று இரண்டு தடவை கேட்டார். நிஜமாக என்று இரண்டு தடவையும் சொன்னேன்.

வியாழக்கிழமை மறுபடி போகிறேன். உன் கப்பல் என்றைக்கு என்று எழுது.

உன் அக்கா,
வால்மா